புறம்போக்கில் ஒரு பூங்கா

கிண்டி காட்டைப் பத்தி எபிசோட் போட்டதுல இருந்து ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருது. "ஏலகிரி, கொல்லிமலை எல்லாம் வேண்டாம் ப்ரோ. காலைல பைக்ல கிளம்பி மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புற தூரத்துல காடு இருக்கா?"

அந்தக் கேள்விக்காகத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேர்வாய் கண்டிகை போனேன். செங்குன்றம் தாண்டி ஜிஎன்டி ரோடு. கவரைப்பேட்டையில் இடது பக்கம் திரும்பினால் சத்தியவேடு ரோடு. ஊர் நெருங்க நெருங்க கன்டெய்னர் லாரி, நீளமான காம்பவுண்டு சுவர், ரோட்டு நடுவில் வரிசையாக நட்ட செடி. போர்டில் 'சிப்காட் தொழிற்பூங்கா' என்று இருந்தது. பூங்கா!

ஒரு சுவருக்கும் ரோட்டுக்கும் நடுவில் மிச்சம் இருந்த துண்டு நிலத்தில் இறங்கினேன். பத்தடி போவதற்குள் சூரை முள் சட்டையைப் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் காரை, களா, ஈச்சை. இதில் பாதியை நான் கிண்டியிலும் பார்த்திருக்கிறேன்.

அது தற்செயல் இல்லை. சோழமண்டலக் கடற்கரையை ஒட்டி ஒரு காலத்தில் நீண்டு கிடந்த காடு இதுதான். தாவரவியல்காரர்கள் இதை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்கிறார்கள். மரம் உயரமாக வளராது. இலை சின்னதாக, தோல் மாதிரி தடியாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் குடித்த தண்ணியை வைத்தே கோடை முழுக்கப் பச்சையாக நின்றுவிடும். ஆனால் போட்டோவில் எடுபடாது. ரீல்ஸுக்கு ஆகாது. அதனால் நமக்கு இது 'புதர்', 'முள்ளுக்காடு'.

அப்படியென்றால் கிண்டிப் புதர் மட்டும் எப்படித் தப்பித்தது? 1821-ல் மதராஸ் அரசாங்கம் கவர்னருக்காக கிண்டி லாட்ஜை வாங்கியது. பங்களாவோடு சுற்றியிருந்த காடும் துரைமார் கைக்குப் போனது. 1910-ல் காப்புக்காடு, 1978-ல் தேசியப் பூங்கா. முழுசாகத் தப்பித்தது என்றும் சொல்ல முடியாது. 1959-ல் வந்த ஐஐடி பெரிய துண்டை எடுத்துக்கொண்டது, தலைவர்களின் நினைவிடங்களும் வந்தன. இன்றைக்கு மிச்சம் சுமார் 270 ஹெக்டேர், அதாவது கிட்டத்தட்ட 670 ஏக்கர்.

தேர்வாய் கண்டிகையில் சிப்காட்டுக்குப் போன நிலம் 1,127 ஏக்கர். கிண்டி தேசியப் பூங்காவைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல்.

நம்ம பாஷையில் சொன்னால் இது ஒரு டேட்டாபேஸ் பிரச்சினை. 1820-ல் தாமஸ் மன்றோ கவர்னராக வந்த பிறகு ரயத்துவாரி முறை மாகாணத்தின் பெரும்பகுதியில் வேரூன்றியது. ஒவ்வொரு வயலையும் அளந்து, நம்பர் போட்டு, வரி எழுதுவது. அந்த டேபிளின் முக்கியமான காலம் 'எவ்வளவு வரி வரும்?' என்பதுதான். வரி வராத இடமெல்லாம் எல்ஸ் பிளாக்கில் விழும். ஏரி, சுடுகாடு, வண்டிப்பாதை, மாடு மேய்கிற காடு, எல்லாத்துக்கும் புறம்போக்கு என்றே பெயர். அதில் ஒரு உட்பிரிவு மேய்க்கால். ஊருக்குப் பொதுவான நிலம் என்ற அர்த்தம் மெல்லத் தேய்ந்து, 'சும்மா கிடக்கிற நிலம்' என்று ஆனது. இன்றைக்கு அந்த வார்த்தையை நாம் திட்டுவதற்கு வைத்திருக்கிறோம். 2017-ல் டி.எம். கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்கு பாடல்' எண்ணூர் கழிமுகத்தை வைத்து இதைத்தான் பேசியது.

தேர்வாய் கண்டிகையின் காடும் காகிதத்தில் மேய்க்கால்தான். ஊரில் பெரும்பாலும் தலித் குடும்பங்கள். மாடும் ஆடும் மேய்ந்தது அங்கே. விறகு, மூலிகை, பழம் எல்லாம் அங்கிருந்துதான். காட்டில் விழுந்த மழை வடிந்து ஏரிக்கு வந்தது, ஏரியில் இருந்து வயலுக்குப் போனது. பட்டா இருக்காது, ஆனால் சொத்து.

2000-களின் கடைசியில் தொழிற்பூங்கா திட்டம் வந்தது. 2009-ல் மிஷ்லின் டயர் கம்பெனி தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. ஊர்க்காரர்கள் போராடினார்கள், கைதும் ஆனார்கள். இங்கே எடுபடாததால் விஷயம் பாரிஸ் வரை போனது. 2012-ல் ஊர்ச் சங்கமும், தமிழக, பிரெஞ்சு அமைப்புகளும் சேர்ந்து, பன்னாட்டுக் கம்பெனிகளுக்கான ஓஇசிடி நெறிமுறைகளின் கீழ் பிரான்சில் புகார் கொடுத்தன. கும்மிடிப்பூண்டி தாலுகாவின் மேய்ச்சல் நிலத்தைப் பத்தி பாரிஸில் விசாரணை! 2013-ல் அறிக்கை வந்தது. புகார் கொடுத்தவர்களுக்கு அதில் திருப்தி இல்லை. அதற்குள் இங்கே மரமும் இல்லை.

வேலைவாய்ப்பு வேண்டாமா என்று கமென்டில் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். டயர் இல்லாமல் நானும் அங்கே போயிருக்க முடியாது. ஆனால் கிண்டி சுவருக்குள் ஒரு கேம்பஸ் கட்டலாம் என்று யாராவது இன்றைக்குச் சொன்னால் நகரமே கொந்தளிக்கும். நானும் பதாகை பிடிப்பேன். 1,127 ஏக்கர் போனபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன், சரி. அதற்குப் பிறகு நாலு வருஷம் இன்ஜினியரிங், அதற்கு மேல் வேலை. இத்தனை வருஷத்தில் அந்த ஊர்ப் பேர்கூடக் காதில் விழவில்லை.

விழுந்தது எப்போது தெரியுமா? தண்ணிக்காக. 2019 கோடையில் நாம் லாரித் தண்ணிக்கு நின்றது ஞாபகம் இருக்கும். அடுத்த வருஷம், 2020 நவம்பரில், கண்ணன்கோட்டை ஏரியையும் தேர்வாய் கண்டிகை ஏரியையும் இணைத்துக் கட்டிய நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. கொள்ளளவு அரை டிஎம்சி. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கத்துக்கு அடுத்து சென்னைக்கு ஐந்தாவது. இப்போது தினமும் ஏரி நிலவரத்தில் அந்தப் பேர் வருகிறது. ஒரே ஊர் நமக்கு டயரும் தருகிறது, தண்ணியும் தருகிறது.

திரும்பும் வழியில் டீக்கடையில் ஒரு பெரியவர் என் பையைப் பார்த்துவிட்டு, "எந்த கம்பெனி தம்பி, காலை ஷிப்ட்டா?" என்று கேட்டார்.

"இல்லீங்க ஐயா, காடு பார்க்க வந்தேன்."

சிரித்துவிட்டார். டீயை வைத்துவிட்டு எதிர்ச் சுவரைக் கை காட்டினார். "அந்த கேட்டுக்குப் பின்னாடிதான் களாப்பழம் பறிப்போம். சட்டை பூரா கறை. வீட்ல அடி விழும்." அப்புறம் அவரே கேட்டார்: "உள்ள விடுவாங்களா உங்கள?"

விடமாட்டாங்க என்றேன்.

முதல் கேள்விக்கு வரேன். அரை நாளில் போய் வருகிற தூரத்தில், மேடவாக்கம் பக்கம் நன்மங்கலம் காப்புக்காடு இருக்கு. அடுத்த எபிசோட் அங்கிருந்துதான். அதுக்குள்ள நீங்க வேற ஒண்ணு பண்ணுங்க. உங்க தாத்தா பாட்டி ஊர்ல மேய்க்கால் எங்க இருந்தது, இப்ப அங்க என்ன இருக்குன்னு கேட்டு வாய்ஸ் நோட் அனுப்புங்க. நேர்ல போய்ப் பார்க்கறதா இருந்தா முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டுப் போங்க. சூரை முள் சும்மா விடாது.