இலவச வணிக இணையதளம்

சிறுகடை, குடிசைத்தொழில், தனியாள் சேவை போன்றவை பணம் கட்டாமல் ஒரு நிறுவனத்தின் சர்வரில் இடம் பெற்று, அந்நிறுவனம் தரும் அச்சில் தம் பெயர், வேலை நேரம், சரக்கு, விலை, தொலைபேசி எண் ஆகியவற்றை இட்டு நடத்தும் தளமே இலவச வணிக இணையதளம். இதற்கான வழிகாட்டிகள் பெரும்பாலும் பக்கத்தை அழகாக அமைப்பதோடு நின்றுவிடுகின்றன. முப்பதாண்டு வரலாறு காட்டுவதோ வேறு. பக்கம் எப்போதும் இரவல் மனையில்தான் நிற்கிறது. அதற்குச் செல்லும் இணைய முகவரி யாருடையது என்பதைப் பொறுத்தே அந்தத் தளம் வணிகருக்கு எத்தனை காலம் உதவும் என்பது அமைகிறது.

வலைத் தொழில்நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகம் 1993 ஏப்ரல் 30 அன்று அறிவித்தது. நுட்பம் இலவசம், அதை ஓட்டும் சர்வருக்கு மட்டும் செலவு உண்டு. அந்தச் செலவை இன்னொருவர் ஏற்கும் ஏற்பாட்டைப் பெரிய அளவில் கொண்டுவந்தது ஜியோசிட்டீஸ். டேவிட் போனெட்டும் ஜான் ரெஸ்னரும் 1994-இல் கலிஃபோர்னியாவில் 'பெவர்லி ஹில்ஸ் இன்டர்நெட்' என்று தொடங்கி, அடுத்த ஆண்டே ஜியோசிட்டீஸ் என்ற பெயருக்கு மாறினர். அங்கே தளங்கள் பேட்டை பேட்டையாகப் பிரிக்கப்பட்டிருந்தன. கணினிக்காரர்களுக்கு சிலிகான் வேலி, திரைப்பட ரசிகர்களுக்கு ஹாலிவுட், சிறுதொழிலுக்கும் வீட்டிலிருந்தே நடத்தும் அலுவலகத்துக்கும் யுரேகா. சேர வருபவர் ஒரு பேட்டையைப் பார்த்து, அதில் காலியாக இருக்கும் மனையை நான்கு இலக்கக் கதவு எண்ணோடு எடுத்துக்கொள்வார். ஆகவே அவருடைய இணைய முகவரியில் முதலில் ஜியோசிட்டீஸ், அடுத்து பேட்டை, கடைசியில் எண். கடையின் பெயர் அதில் எங்கும் வராது. 1999-இல் யாகூ 350 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து நிறுவனத்தை வாங்கியது. அதே ஆண்டு, பயனர் இட்ட எழுத்தின்மீதும் படத்தின்மீதும் யாகூவுக்கு விரிந்த உரிமை தரும் விதிமுறை வந்தது. பலர் தம் பக்கங்களின் வண்ணத்தை அகற்றிச் சாம்பல் நிறமாக்கி எதிர்த்தனர். யாகூ இறங்கிவந்து விதியைத் திருத்தியது. 2009 அக்டோபர் 26 அன்று அமெரிக்காவில் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டது. 'ஆர்க்கைவ் டீம்' என்னும் தன்னார்வலர் குழு பெருமளவு பக்கங்களைப் பிரதி எடுத்துவைத்தது. பக்கங்கள் தப்பின, அவற்றுக்குப் போகும் முகவரிகள் செத்தன. வாடிக்கையாளர் கையில் இருந்தது முகவரிதான் என்பதால் வணிகருக்கு அந்தப் பிரதியால் பயனில்லை.

இலவச இடத்துக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்பதற்கும் அக்காலத்திலேயே விடை கிடைத்துவிட்டது. ட்ரைபாட் என்னும் இலவசத் தள நிறுவனத்தில் பணியாற்றிய ஈதன் சக்கர்மன், விளம்பரம் தனி ஜன்னலாகத் துள்ளி எழும் நிரலை 1990-களின் பிற்பகுதியில் எழுதினார். தன் விளம்பரம் ஆபாசப் பக்கம் ஒன்றில் தெரிந்ததாகக் கார் நிறுவனம் ஒன்று கொதித்தெழுந்ததே அதற்குக் காரணம். 2014-இல் அவர் அதற்கு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். விளம்பரதாரரின் மனக்குறைக்காக எல்லாப் பக்கங்களின் தோற்றமும் மாறியது. பக்கத்துக்கு உரியவரை யாரும் கேட்கவில்லை.

பின்னர் வந்தவை பேட்டைகளைக் கைவிட்டாலும் ஏற்பாடு அதேதான். மைக்ரோசாஃப்ட் 2006-இல் சிறுதொழில்களுக்கென்றே தொடங்கிய 'ஆபீஸ் லைவ்' 2012 ஏப்ரல் 30 அன்று மூடப்பட்டது. இந்தியாவில் கூகுள் 2011-இல் ஹோஸ்ட்கேட்டர் நிறுவனத்தோடு சேர்ந்து, முதல் ஓராண்டுக்கு 'டாட் இன்' என்று முடியும் டொமைனையும், அதாவது தளத்துக்கான தனி முகவரிப் பெயரையும், தளத்தையும் இலவசமாகக் கொடுத்தது. 2017-இல், கூகுள் வரைபடத்தில் ஒரு கடையைப் பற்றி ஏற்கெனவே பதிவான விவரங்களைக் கொண்டு சில நிமிடங்களில் பக்கம் ஆக்கித் தரும் வசதியை அது கொண்டுவந்தது. அந்தப் பக்கங்களின் முகவரி 'பிசினஸ் டாட் சைட்' என்று முடியும். பெயர்ப்பலகையிலும் பில் புத்தகத்திலும் அதை அச்சிட்டவர்கள் உண்டு. 2024 மார்ச்சில் அவ்வசதி நிறுத்தப்பட்டது. ஜூன் 10 வரை, பழைய முகவரியைத் தட்டினால் வரைபடப் பதிவுக்குக் கொண்டுபோய் விட்டது. அதன்பின் பில் புத்தகத்தில் இருந்த முகவரி எங்கும் கொண்டுசெல்லவில்லை.

வரைபடப் பதிவும் வாட்ஸாப்பும் இருக்கும்போது தளமே எதற்கு என்று கேட்கலாம். தெருவில் நடந்து வருபவரை நம்பும் டீக்கடைக்கும் சலூனுக்கும் அவை போதும், இதை மறுப்பதற்கில்லை. வெளியூருக்கு மசாலாப் பொடியோ கருவாடோ அனுப்புபவருக்கு, அட்டையில் அச்சிட்டுப் பல ஆண்டு மாறாமல் இருக்கும் முகவரி வேண்டும். சொந்த டொமைன் இருந்தால் அதை இன்று வரைபடப் பதிவுக்கே திருப்பிவிட்டு, நாளை வேறு பக்கத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அச்சிட்ட அட்டையை மாற்ற வேண்டியதில்லை. டொமைனுக்குப் பணம் கட்டினால் இது இலவசமாகுமா என்பது அடுத்த கேள்வி. ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் ஆகும் என்பது உண்மை. அந்த ஒரு செலவைத் தவிர்க்கப் பார்த்தவர்களே அதிகம் இழந்தார்கள். டொகெலாவ் தீவுகளின் 'டாட் டிகே' போன்ற டொமைன்களை ஃப்ரீனம் என்னும் நிறுவனம் பல ஆண்டுகள் இலவசமாக வழங்கியது. பெயருக்கு உரியவராகப் பதிவானது அந்நிறுவனம். பெற்றவருக்குக் கிடைத்தது பயன்படுத்தும் அனுமதி மட்டும். 2023 தொடக்கத்தில் புதுப் பதிவுகள் நின்றன. அடுத்த ஆண்டு, டொமைன் தொழிலிலிருந்தே விலகுவதாக ஃப்ரீனம் அறிவித்தது.

இன்று இலவசத் தள வசதிகளான கூகுள் சைட்ஸ், பிளாகர் இரண்டிலும் சொந்த டொமைனைக் கூடுதல் கட்டணமின்றி இணைக்கலாம். வேர்ட்பிரஸ் டாட் காம், விக்ஸ் இவற்றின் இலவசத் திட்டங்களில் முடியாது. கிட்ஹப் பேஜஸ் இணைய வணிகம் நடத்த அனுமதிப்பதில்லை. வேர்ட்பிரஸில் எழுதியதை மொத்தமாக இறக்கி வேறிடத்தில் ஏற்றலாம், விக்ஸ் தளத்தை அப்படியே பெயர்த்து எடுத்துச் செல்ல வழியில்லை. தளத்தின் பாதுகாப்பான இணைப்புக்கு வேண்டிய சான்றிதழை 'லெட்ஸ் என்கிரிப்ட்' 2015 இறுதியிலிருந்து இலவசமாக வழங்குகிறது. தமிழ் எழுத்திலேயே முடியும் டொமைன்களாக இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என்ற மூன்று பின்னொட்டுகளும் உள்ளன. எதைத் தேர்ந்தாலும், டொமைன் பதிவில் உரிமையாளர் என்ற இடத்தில் கடைக்காரரின் பெயரும் அவருடைய சொந்த மின்னஞ்சலும் இருக்க வேண்டும். தளம் அமைத்துக் கொடுப்பவர் தம் பெயரில் பதிவு செய்திருந்தால் அந்த முகவரி அவருக்கே உரியது. பணம் கொடுக்கும் முன் அந்த ஒரு வரியைத் திறந்து காட்டச் சொல்லிப் பாருங்கள்.