ஒப்புரவு, நிவிர்த்தி, கழுவாய்: தமிழ் விவிலியத்தில் ஒரு கருத்தின் சொல்வரலாறு

1. முன்னுரை

பெங்களூரில் அல்சூரை அடுத்துள்ள ஜோகுபாளையத்தில் தமிழும் கன்னடமும் ஒரே தெருவில் வழங்குகின்றன. 1809ஆம் ஆண்டில் பாளையப்பகுதி நிறுவப்பட்ட பின்னர், படையோடும் படைசார்ந்த தொழில்களோடும் சென்னை மாகாணத்திலிருந்து வந்து குடியேறிய தமிழர் பலர். அவர்தம் வழிவந்தோரில் கிறித்தவக் குடும்பங்களும் உண்டு. அத்தகைய வீடொன்றில் முதிய அம்மையார் ஒருவர் இக்கட்டுரையாளரிடம் ஒரு வினா எழுப்பினார்: “தம்பி, ஆண்டவருக்குக் கோபம் தணியறதுக்காகவா அவ்வளவு ரத்தம்?” அவர் கையில் இருந்தது பழைய மொழிபெயர்ப்பு, அவர் சுட்டிய சொல் ‘கிருபாதாரபலி’.

இவ்வினா இறையியலைச் சார்ந்தது. எனினும் அது எழுந்த இடம் ஒரு சொல்லாகும். மனிதன் கடவுளோடு மீண்டும் இணைவது பலியின் வழியாக என்னும் கிறித்தவக் கருத்தைத் தமிழில் உணர்த்த மொழிபெயர்ப்பாளர் தேர்ந்த சொற்கள் எவை, அவை தம்முடன் கொணர்ந்த பொருள்கள் எவை என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

2. மூலமொழிகளின் நிலை

எபிரேயத்தில் இக்கருத்தின் மையச்சொல் ‘கிப்பேர்’ என்னும் வினை. இதன் அடிப்பொருள் குறித்து அறிஞரிடையே மூன்று கருத்துகள் நிலவுகின்றன: அரபு மொழி ஒப்பீட்டால் ‘மூடுதல்’, அக்காதிய மொழி ஒப்பீட்டால் ‘துடைத்தல்’, ‘கோஃபெர்’ என்னும் எபிரேயப் பெயரோடு இயைத்து ‘மீட்புப்பொருள் செலுத்துதல்’. உடன்படிக்கைப் பேழையின் மேல்மூடியைக் குறிக்கும் ‘கப்போரெத்’ என்னும் பெயரும் இவ்வேர்ச்சொல்லின் வழிவந்ததே.

கிரேக்கத்தில் இருவேறு சொற்குடும்பங்கள் இக்கருத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று, வழிபாட்டுத்துறைச் சொற்களாகிய ‘ஹிலஸ்மோஸ்’, ‘ஹிலாஸ்தேரியோன்’ என்பன. மற்றொன்று, ‘கதல்லகே’ என்பது. பின்னது பரிமாற்றத்தைக் குறிக்கும் வேரிலிருந்து தோன்றியது. பகைத்தோர் மீண்டும் நட்பாதலைக் குறிக்கும் உலகவழக்குச் சொல். பிரிந்த மனைவி கணவனோடு மீண்டும் இணைதலைக் கூறவும் பவுல் இவ்வடியையே ஆள்கிறார். முன்னது பலிபீடத்தைச் சார்ந்தது. பின்னது வீட்டைச் சார்ந்தது.

முதற்குடும்பத்தின் பொருள் குறித்து இருபதாம் நூற்றாண்டில் பெரும் வழக்கொன்று நிகழ்ந்தது. சினம் தணித்தல் அன்று, கறை நீக்கலே பொருள் என்று சி. எச். டாட் 1931இல் வாதிட்டார். சினம் தணித்தல் என்னும் கூறு அங்கு உண்டு என்று 1950களில் லியோன் மாரிஸ் மறுத்தார். ஜோகுபாளையத்து அம்மையாரின் வினாவும் இவ்வழக்கின் நடுப்புள்ளியிலேயே நிற்கிறது.

3. தமிழ் மொழிபெயர்ப்பு மரபு

1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ முதலிய நூல்களில் என்றிக்கே என்றிக்கசு அடிகளார் தமிழ்ச் சொற்களோடு போர்த்துக்கீசியச் சொற்களையும் ஒலிபெயர்த்து வழங்கினார். 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் (இராபர்ட் டி நொபிலி) வடமொழிச் சொற்களின் துணைகொண்டு கிறித்தவச் சொற்களஞ்சியம் ஒன்றை அமைத்தார். இவ்விரு போக்குகளும் பின்வந்தோர்க்கு முன்மாதிரிகளாயின.

1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1715இல் அச்சில் நிறைவுற்றது. பப்ரிசியுசின் புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. இரேனியுசு, பெர்சிவல் ஆகியோரின் முயற்சிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தொடர்ந்தன. ஆறுமுக நாவலர் துணைநின்ற பெர்சிவல் பதிப்பு 1850இல் வெளிவந்தது. பப்ரிசியுசின் பாடத்தை அடிப்படையாகக் கொண்டு பவர் ஐயர் தலைமையில் உருவான ஐக்கிய மொழிபெயர்ப்பு 1871இல் முழுமை பெற்றது. இன்றும் சீர்திருத்தச் சபைகளில் பெருவழக்காக உள்ளது இதுவே. பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியின் முதல்வராக இருந்த எல். பி. லார்சன் பின்னர் ஒரு திருத்தப் பதிப்பில் உழைத்தார். கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து உருவாக்கிய ‘திருவிவிலியம்’ பொது மொழிபெயர்ப்பு 1995இல் வெளிவந்தது.

4. பலிபீடச் சொற்கள்

ஐக்கிய மொழிபெயர்ப்பு லேவியராகமத்தில் ‘பாவநிவிர்த்தி’, ‘பாவநிவாரணபலி’, ‘குற்றநிவாரணபலி’, ‘சர்வாங்க தகனபலி’, ‘சமாதானபலி’ எனத் தொடர்ச்சியான கலைச்சொல் வரிசையொன்றை ஆள்கிறது. நிவிர்த்தி, நிவாரணம் ஆகிய இரண்டும் நீக்கம் என்னும் பொருளன. சினம் தணித்தல் என்னும் பொருள் அவற்றில் இல்லை. தருமநூல் மரபில் பிராயச்சித்தம் என்பது குற்றம் புரிந்தவனே தன் பொருட்டுச் செய்யும் செயல் என்பதை நோக்க, நிவிர்த்தி என்னும் பொதுச்சொல் செய்பவன் யார் என்பதைத் திறந்தே வைக்கிறது.

‘ஹிலாஸ்தேரியோன்’ புதிய ஏற்பாட்டில் இருமுறை வருகிறது. எபிரெயர் நிருபத்தில் அதனைக் ‘கிருபாசனம்’ என்றும், ரோமர் நிருபத்தில் ‘கிருபாதாரபலி’ என்றும் ஐக்கிய மொழிபெயர்ப்பு பெயர்த்தது. யோவானின் முதல் நிருபத்தில் வரும் ‘ஹிலஸ்மோஸ்’ என்பதற்கும் ‘கிருபாதாரபலி’ என்பதே பெயர்ப்பு. ஆகவே ஒரு மூலச்சொல் இரண்டாகப் பிரிந்தது. இரு மூலச்சொற்கள் ஒன்றாகக் கலந்தன. கிருபாசனத்திற்கும் ரோமர் நிருபத்தின் சொல்லுக்கும் உள்ள உறவு தமிழ் வாசகர்க்குப் புலனாகாது போயிற்று.

மேலும், ‘கிருபாதாரபலி’ கிருபை, ஆதாரம், பலி என்னும் மூன்று உறுப்புகளாலான தொகை. மூலத்தில் பலியைக் குறிக்கும் தனிச்சொல் இல்லை. அது மொழிபெயர்ப்பாளரின் விளக்கவுரை. ‘பலி’ பழந்தமிழில் சோறும் பூவும் தூவிப் படைத்தலையும் குறித்தது. இக்காலத் தமிழில் கிடாவெட்டும் நேர்த்திக்கடனும் அச்சொல்லின் முதற்பொருளாக முன்னிற்கின்றன. சினந்த தெய்வம், தணிக்கும் குருதி என்னும் காட்சி அதனால் எழுகிறது. ‘கிருபை’ என்னும் முதலுறுப்பு அக்காட்சியை மறுப்பதற்காகவே வைக்கப்பட்டிருந்தும், தொகையின் தலைச்சொல் பலியாதலின், கேட்போர் மனத்தில் நிற்பது அதுவே. அம்மையாரின் ஐயம் அறியாமையால் எழுந்ததன்று. தொகையின் அமைப்பால் எழுந்தது.

1995ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு இவ்விடங்களில் ‘கழுவாய்’ என்னும் சொல்லைத் தேர்ந்தது. இது சங்கச்சொல். புறநானூற்று 34ஆம் பாடலில் ஆலத்தூர்கிழார், பெருங்குற்றங்களுக்கும் கழுவாய் உண்டு, நன்றி கொன்றோர்க்கோ உய்தி இல்லை என்னும் அறத்தைக் கூறுமிடத்து இதனை ஆள்கிறார். ‘கழுவு’ என்னும் வினையோடு இயைதலின், ‘துடைத்தல்’ என்னும் அக்காதிய ஒப்புமைப் பொருளுக்கு இது மிக நெருங்கியது. ஆயினும் அகராதிகள் இதற்குப் பிராயச்சித்தம் என்றே பொருள் தருகின்றன. குற்றவாளி தானே செய்வது என்னும் குறிப்பு இங்கும் உண்டு. மொழிபெயர்ப்பாளர் இதனைத் தொடரமைப்பால் கடந்தனர்: கிறித்து கழுவாய் செய்தார் என்னாது, அவரே கழுவாய் எனப் பெயர்ப்பயனிலையாக்கினர். செயல் ஆளாயிற்று.

5. வீட்டுச் சொல்

‘கதல்லகே’ என்பதற்கு இரு மொழிபெயர்ப்புகளும் ‘ஒப்புரவு’ என்னும் அடியையே ஆள்கின்றன: முன்னதில் ‘ஒப்புரவாக்குதலின் ஊழியம்’, பின்னதில் ‘ஒப்புரவாக்கும் திருப்பணி’. திருக்குறளின் 22ஆம் அதிகாரம் ‘ஒப்புரவறிதல்’. அங்கு இதற்கு உலகநடையறிந்து பிறர்க்கு உதவுதல் என்பது பொருள். நூலோதாது தாமே அறிந்து செய்வதாகலின் ‘அறிதல்’ என்றார் எனப் பரிமேலழகர் விளக்குவார். பகை தீர்தல் என்னும் பொருள் அங்கில்லை. இச்சொல்லை ஒப்பு, உறவு எனப் பிரித்துப் பொருள் காண்பாரும் உளர். ஆனால் வரிவடிவம் இடையின ரகரத்தையே காட்டுகிறது. வல்லின றகரம் கொண்டு எழுதும் இன்றைய பிழை, புதிய பொருள் வலுப்பெற்றமைக்குச் சான்றாகலாம்.

இலக்கண நோக்கில் இரு கூறுகள் கருதத்தக்கன. முதலாவது, ‘ஒப்புரவாகு’, ‘ஒப்புரவாக்கு’ என்னும் தன்வினை பிறவினை வேறுபாடு. ஒப்புரவாக்குபவர் கடவுள், ஒப்புரவாவோர் மனிதர். பவுலின் தொடர்களில் கடவுள் ஒப்புரவாக்கப்படுபவராக எங்கும் வரவில்லை. தமிழ் வினையமைப்பு இதனை ஐயத்திற்கிடமின்றிக் காக்கிறது. இரண்டாவது, வேற்றுமை. ரோமர் 5ஆம் அதிகாரத்தில் ‘சத்துரு’ என்னும் சொல் ‘தேவனுக்கு’ என நான்காம் வேற்றுமை கொள்ள, ஒப்புரவு உடனிகழ்ச்சி உருபைக் கொள்கிறது. பகை ஒருதிசைப்பட்டது, உறவு உடன்பட்டது என்னும் வேறுபாட்டை உருபுகளே உணர்த்துகின்றன. உடனிகழ்ச்சியில் ‘ஒடு’ உயர்ந்ததன்பின் வரும் என்பது தொல்காப்பிய மரபு. ‘தேவனோடு’ என்னும் வழக்கு அம்மரபுக்கும் இயைந்ததே.

அதே தெருவில் வழங்கும் கன்னட விவிலியம் இவ்விடத்தில் ‘சமாதானம்’ என்னும் சொல்லடியை ஆள்கிறது. தமிழிலோ அச்சொல் அமைதிக்கும் ‘சமாதானபலி’க்கும் முன்னரே ஒதுக்கப்பட்டுவிட்டது. கத்தோலிக்க வழக்கில் பாவசங்கீர்த்தனம் எனப்பட்டது இன்று ‘ஒப்புரவு அருட்சாதனம்’ எனப்படுகிறது. அறிக்கையிடும் செயலிலிருந்து மீளும் உறவுக்குப் பெயரின் அழுத்தம் மாறியுள்ளது.

6. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன: பலிபீடச் சொற்கள் தமிழில் நிலைகொள்ளாது மாறிக்கொண்டே வந்துள்ளன, வீட்டுச் சொல் ஒருமுறை பொருள் மாறியபின் உறுதியாக நின்றுவிட்டது. முன்னவை மக்களின் வேறு வழிபாட்டு நினைவுகளோடு போட்டியிட வேண்டியிருந்தன. பின்னது அன்றாட வாழ்வில் இருந்த ஓர் இடைவெளியை நிரப்பியது.

அம்மையாருக்கு இக்கட்டுரையாளர் கூறிய விடை இதுவே: அச்சொல்லின் முதலில் நிற்பது கிருபை, அதனை முன்வைப்பவர் கடவுளே, எனவே அவரைத் தணிக்க வேறெவரும் எதுவும் கொடுத்ததாக அத்தொடர் கூறவில்லை. அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், வீட்டுப் பங்கு காரணமாக ஐந்தாண்டுகளாகப் பேச்சில்லாத தம் இரு மகன்களைப் பற்றிக் கூறினார். “அவங்க ரெண்டு பேரும் ஒப்புரவாகணும்னுதான் தினமும் ஜெபம் பண்றேன்” என்றார். குறளிலும் இல்லாத, பேச்சுத்தமிழிலும் பொதுவாக வழங்காத பொருளில் அச்சொல் அவர் வாயில் இயல்பாக வந்தது. பலியைப் பற்றிக் கேட்டவர் உறவைப் பற்றிக் கேட்கவில்லை. அச்சொல்லுக்கு அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இக்கருத்தை இனிப் பெயர்க்க முற்படுவோர் அவர்க்கு விளங்கிய அச்சொல்லிலிருந்தே தொடங்குதல் தகும்.