கடலோரத் தனிமையும் எழுதுகோலும்

"மனசே சரியில்லை..."

கல்லூரி விடுதிகளில் ஒரு நாளைக்கு எத்தனை முறை இந்த வார்த்தை காதில் விழுகிறது! அரியர் விழுந்தது, நேர்முகத் தேர்வில் கழித்துக் கட்டினார்கள், வீட்டை நினைத்து ஏக்கம், பக்கத்து அறையில் நாலு பேர் சிரித்துக்கொண்டிருக்க இந்த அறையில் பேச ஆளில்லை. காரணம் எதுவாகவும் இருக்கலாம். அப்போது யாராவது ஒருவர் சொல்வார்: "மனசுல இருக்கிறத எழுதிப் பாரு, பாரம் குறையும்."

உண்மையிலேயே குறையுமா? அல்லது ஆளை அனுப்பி வைப்பதற்காகச் சொல்லும் ஆறுதலா? இந்தக் கேள்விக்கு ராமநாதபுரம், ராமேஸ்வரம் கடற்கரையின் வரலாற்றில் ஒரு பதில் இருக்கிறது.

தனிமைக்குப் பழகிய கரை

அரசு ஊழியர்களை மிரட்ட, "தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்" என்று சொல்லும் வழக்கம் தமிழ்நாட்டில் உண்டு. அந்தப் பேச்சில் பெரும்பாலும் மனதில் இருக்கும் ஊர் ராமநாதபுரம்தான். மழை குறைவு, வேலை குறைவு. பிழைப்புக்காக இலங்கைக்கும் மலேயாவுக்கும், பின்னாளில் வளைகுடா நாடுகளுக்கும் போனவர்கள் ஏராளம். போகாதவர்களில் பலர் கடலுக்குப் போனார்கள். எப்படிப் பார்த்தாலும் ஒருவர் போவதும் ஒருவர் காத்திருப்பதும்தான் இந்தக் கரையின் வாழ்க்கை.

ராமேஸ்வரமோ தீவு. 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கும் வரை படகை விட்டால் வேறு வழியில்லை. சாலைப் பாலம் வந்தது 1988இல்தான். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி என்ற ஊரே அழிந்தது. பயணிகளோடு வந்த ரயிலையும் அலை கொண்டுபோனது.

இப்படி இழப்புகளைச் சந்திக்கும் மக்கள் என்ன செய்வார்கள்? எழுத்தறிவு பரவுவதற்கு வெகுகாலம் முன்பே நம் கிராமத்துப் பெண்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். அதுதான் ஒப்பாரி. ஒப்பாரியை வெறும் அழுகை என்று நினைத்தால் தவறு. அதற்கு ராகம் உண்டு, அடி உண்டு, எதுகை மோனை உண்டு. இறந்தவரை "என்னைப் பெத்த ராசா" என்றோ "அப்பா" என்றோ நேருக்கு நேர் அழைத்து, அவர் செய்ததையும் செய்யாமல் போனதையும் அந்தந்த நேரத்தில் சொற்கட்டிப் பாடுவார்கள். சுற்றி அமர்ந்த பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டு சேர்ந்து பாடுவார்கள். துக்கத்துக்கு ஒரு வடிவம், அதைச் சொல்ல ஒரு முகம், சேர்ந்து கேட்க நாலு பேர். இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வருபவர்களின் கதை எளிதாகப் புரியும்.

பாம்பன் சுவாமிகள்: நாளுக்கு ஒரு பாட்டு

19ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தத் தீவுப் பகுதியில் பிறந்த அப்பாவு என்ற சிறுவர்தான் பின்னாளில் பாம்பன் குமரகுருதாச சுவாமிகள் என்று அறியப்பட்டார். இளம் வயதில் தென்னந்தோப்பில் தனியாக அமர்ந்து பாட்டு எழுதத் தொடங்கியவர் அவர். சாப்பிடுவதற்கு முன் நாளுக்கு ஒரு பாடல் எழுதுவது என்று விதி வைத்துக்கொண்டார் என்று அவர் வாழ்க்கை வரலாறு சொல்கிறது. மனம் நன்றாக இருந்தால் எழுதுவோம், இல்லாவிட்டால் விட்டுவிடுவோம் என்ற பேச்சே அங்கே இல்லை. அவர் பாடிய பாடல்கள் மொத்தம் 6666 என்று கணக்குச் சொல்கிறார்கள்.

1891இல் நோய் நீங்க வேண்டி அவர் பாடியது சண்முக கவசம். முப்பது பாடல்கள். 'அ'வில் தொடங்கி 12 உயிரெழுத்துகள், பிறகு 18 மெய்களின் வரிசை என்று ஒவ்வொரு பாட்டும் ஓர் எழுத்தில் ஆரம்பிக்கும். உடல் நோகும் நேரத்தில் இப்படி ஒரு கட்டுப்பாடு எதற்கு என்று தோன்றலாம். ஆனால் அடுத்த எழுத்து எது, அதற்கு ஏற்ற சொல் எது என்று தேடும் மனத்துக்கு வலியையே நினைத்துக்கொண்டிருக்க நேரமிருக்காது. அரிச்சுவடி வரிசையில் அமைந்ததால் மனப்பாடம் செய்வதும் எளிது.

1894இல் ராமநாதபுரத்துக்கும் பாம்பனுக்கும் இடையிலுள்ள பிரப்பன்வலசையில், மயானத்தில் ஒரு குழிக்குள் 35 நாட்கள் தவம் இருந்தார். இதைவிடப் பெரிய தனிமை இருக்க முடியாது. ஆனால் அவர் அங்கேயே இருந்துவிடவில்லை. வெளியே வந்தார், பிறகு சென்னைக்குப் போனார், எழுதினார், சீடர்களோடு வாழ்ந்தார்.

1923 டிசம்பரில் சென்னை தம்புச்செட்டித் தெருவில் குதிரை வண்டி மோதி அவர் கால் எலும்பு முறிந்தது. அப்போது அவருக்கு எழுபதை ஒட்டிய வயது. பொது மருத்துவமனையில் சேர்த்தார்கள். சீடர்கள் கூடிப் பாடியது வேறு எதையும் அல்ல, அவர் எழுதிய அதே சண்முக கவசத்தைத்தான்! கால் குணமானது. அதை முருகன் அருள் என்று பக்தர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள். நம்பிக்கை உள்ளவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளட்டும். நம்பிக்கை இல்லாதவர்களும் ஒன்றைக் கவனிக்கலாம். முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் எழுதிய சொற்கள், எழுதியவரே படுக்கையில் விழுந்தபோது பலருடைய குரலாக அவரிடமே திரும்பி வந்தன.

கலாம்: ராக்கெட்டுக்கு நடுவே கவிதை

அதே தீவில் 1931 அக்டோபர் 15இல் பிறந்தவர் டாக்டர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். அவரை விஞ்ஞானியாக, குடியரசுத் தலைவராக எல்லோருக்கும் தெரியும். வாழ்நாள் முழுவதும் கவிதை எழுதியவராக அவரை நினைப்பவர்கள் குறைவு.

அவருடைய முதல் தனிமை ராமநாதபுரத்தில்தான். ஸ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் படிக்க வீட்டை விட்டு வந்த சிறுவனுக்கு ராமேஸ்வரமும் அம்மாவின் சமையலும் ஏக்கமாகவே இருந்தன. ஆசிரியர் அய்யாதுரை சாலமன்தான் அவருக்குத் தைரியம் கொடுத்தவர். பிறகு திருச்சி, அதன்பின் குரோம்பேட்டை எம்.ஐ.டி. அங்கே தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில், நம் விமானத்தை நாமே செய்ய வேண்டும் என்று தமிழில் எழுதி முதல் பரிசு வாங்கினார். பரிசு கொடுத்தவர் ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன்.

1958இல் டேராடூனில் விமானப்படைத் தேர்வு. விமானி ஆக வேண்டும் என்பது அவருடைய சிறு வயதுக் கனவு. இருந்த இடங்கள் எட்டு, கலாம் வந்தது ஒன்பதாவதாக! மனம் நொந்து ரிஷிகேஷ் போனார். கங்கையில் குளித்துவிட்டு சுவாமி சிவானந்தரைப் பார்த்தார். சிவானந்தரும் நம்மவர்தான், நெல்லைச் சீமையில் பத்தமடையில் பிறந்தவர். கலாமின் முகத்தைப் பார்த்தே துயரத்தைக் கேட்டறிந்து தேற்றி அனுப்பினார். இதைப் பல ஆண்டுகள் கழித்து கலாம் தன் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதினார். அதை எழுதியிருக்காவிட்டால் இன்று தேர்வில் தோற்ற எத்தனையோ பேருக்கு, "கலாமே ஒன்பதாவதா வந்தவர்தான்" என்ற ஆறுதல் கிடைத்திருக்குமா?

1970களில், எஸ்.எல்.வி-3 ராக்கெட் வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில், சிறு வயது வழிகாட்டியான மைத்துனர் ஜலாலுதீன், தந்தை ஜைனுலாப்தீன், தாய் ஆஷியம்மா ஆகிய மூவரையும் அடுத்தடுத்து இழந்தார். அவருக்குத் திருமணமும் இல்லை, குழந்தைகளும் இல்லை. தாயைப் பற்றி அவர் எழுதிய கவிதை சுயசரிதையின் தொடக்கத்திலேயே இருக்கிறது. பெரிய தத்துவம் எதுவும் அதில் கிடையாது. உலகப் போர்க்காலம், பத்திரிகை போட்ட சிறுவன், பௌர்ணமி இரவில் அம்மா மடியில் படுத்தது என்று ஒரு பத்து வயதுப் பையனின் நினைவுகள்தான். இறந்தவரை நேரே அழைத்துப் பேசுகிறது அந்தக் கவிதை. ஒப்பாரி செய்வதும் அதுதானே!

1979 ஆகஸ்ட் 10. எஸ்.எல்.வி-3இன் முதல் பயணம் தோல்வி. ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநராக இருந்த கலாம் உடைந்து போனார். அன்று அவரைத் தேற்றியது கவிதை அல்ல, அருகில் வந்து அமர்ந்த டாக்டர் பிரம்மபிரகாஷ். பத்திரிகையாளர்கள் முன் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். இதையும் மறக்கக் கூடாது. எழுத்து பெரிய துணைதான். ஆனால் மனிதத் துணைக்கு அது மாற்று இல்லை. 1980 ஜூலை 18இல் எஸ்.எல்.வி-3 வெற்றி பெற்றது.

1989இல் அக்னி ஏவுகணை இரண்டு முறை தள்ளிப் போய், பத்திரிகைகள் கேலிச் சித்திரம் போட்டன. மே 22இல் அது வெற்றி பெற்ற பிறகு, கலாம் தன் டைரியில் சில கவிதை வரிகளை எழுதி வைத்தார். தோல்வியில் மட்டும் எழுதுபவர் அல்ல அவர். எழுதுவது அவருக்குப் பழக்கம்.

சக விஞ்ஞானி அருண் திவாரியோடு சேர்ந்து அவர் எழுதிய சுயசரிதை 1999இல் வெளியானது. தமிழில் அது 'அக்னிச் சிறகுகள்'. தனி மனிதரின் இழப்புகள் பல லட்சம் மாணவர்களின் துணையாக மாறின. 2015 ஜூலை 27இல் ஷில்லாங்கில் மாணவர்கள் முன் பேசிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. மூன்று நாள் கழித்து ராமேஸ்வரம் பேய்க்கரும்பில் அடக்கம் செய்யப்பட்டார்.

படகில் வந்தவர்கள்

இந்தக் கரைக்கு இன்னொரு வகைத் தனிமையும் வந்து இறங்கியது. 1983 கலவரத்துக்குப் பிறகும், 1990இல் மீண்டும் போர் மூண்டபோதும், இலங்கைத் தமிழர்கள் படகுகளில் ராமேஸ்வரம் வந்து சேர்ந்தார்கள். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். கடக்கும்போது உயிர் விட்டவர்கள் பலர். கரையேறியவர்கள் மண்டபம் முகாமுக்கும், அங்கிருந்து தமிழகத்தின் மற்ற முகாம்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். மொழி ஒன்றுதான், ஆனால் பதிவேட்டில் 'அகதி'. ஊர் இல்லை, திரும்பும் நாளும் தெரியாது.

அப்படி 1990இல் மன்னார்ப் பகுதியிலிருந்து வந்த தொ. பத்தினாதன், முகாம் வாழ்க்கையைத் தன் அனுபவமாகவே எழுதினார். 'போரின் மறுபக்கம்' என்ற அந்த நூல் 2007இல் காலச்சுவடு வெளியீடாக வந்தது. அகதிகளைப் பற்றி மற்றவர்கள் எழுதிய செய்திகள் நிறைய உண்டு. ஓர் அகதியே தன் குரலில் "எங்களுக்கு நடந்தது இதுதான்" என்று சொல்வது வேறு. யாரும் கேட்காத வலிதான் பெரிய தனிமை. எழுதியதும் அதைக் கேட்க வாசகர்கள் வந்தார்கள்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

1986இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், மாணவி ஒருவருடன் சேர்ந்து, கல்லூரி மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார். தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுத வேண்டும். சிலருக்குச் சாதாரண விஷயங்கள், சிலருக்குத் தங்கள் வாழ்வின் கசப்பான அனுபவம். கசப்பை எழுதியவர்களுக்கு எழுதி முடித்த உடனே மனம் இன்னும் கனத்தது. ஆனால் அடுத்த மாதங்களில், நடந்ததையும் அதனால் உண்டான உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் மருத்துவ மையத்துக்குப் போவது குறைந்தது. அவருடைய பிந்தைய ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. புலம்பலாகத் தொடங்கி, நாட்கள் செல்லச் செல்ல "ஏனென்றால்", "இப்போது புரிகிறது" போன்ற சொற்கள் கூடக் கூட எழுதியவர்களுக்கே பலன் அதிகம்.

அதாவது கொட்டித் தீர்ப்பது மட்டும் போதாது. கொட்டியதைக் கோத்துப் பார்க்க வேண்டும். பாம்பன் சுவாமிகள் எழுத்து வரிசையில் கோத்தார். கலாம் நினைவுகளாகக் கோத்தார். ஒப்பாரி பாடிய பெண்கள் ராகத்தில் கோத்தார்கள். அதோடு இவர்கள் யாருமே காற்றைப் பார்த்துப் பேசவில்லை. முருகனிடம், அம்மாவிடம், முன்பின் தெரியாத வாசகரிடம் என்று எல்லோருக்கும் எதிரில் ஒரு முகம் இருந்தது.

ஆகவே நண்பர்களே, மனசு சரியில்லாத இரவில் நோட்டை எடுத்தால் "எனக்கு யாருமே இல்லை" என்று நூறு முறை எழுதுவதோடு நிறுத்த வேண்டாம். யாருக்காவது எழுதுங்கள். அம்மாவுக்கு, பிரிந்துபோன தோழனுக்கு, அடுத்த ஆண்டு இதே அறைக்கு வரப்போகும் ஜூனியருக்கு. நாலு வரி போதும், ஆனால் நாளைக்கும் நாலு வரி எழுத வேண்டும். முதல் நாள் மனம் கனத்தால் பயப்பட வேண்டாம். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் போய், வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் அது நோட்டுப் புத்தகத்தோடு முடிகிற விஷயம் அல்ல. உடனே ஒருவரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். 2022இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மனஸ் உதவி எண் 14416, கட்டணம் கிடையாது.

கலாமும் முதலில் ரிஷிகேஷ் போய்ச் சொல்லிவிட்டுத்தான் வந்தார். எழுதியது பிறகு.