குருத்தணுவும் நீரிழிவுக்காரரின் காலும்

மலாய்க்காரர் கெஞ்சிங் மானிஸ் என்பதை நம் தோட்டங்களில் இனிப்புநீர் என்கிறோம். 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு, நம் நாட்டில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டென்றது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. தானா ராத்தாவின் சரிவுகளில் ஏறிக் கொழுந்து பறிப்பவருக்குக் கால் போனால் பிழைப்பே போயிற்று. ஆகவே இந்தக் கதை நமக்கு அயலானதன்று.

1922 ஜனவரியில் டொராண்டோவில் லியனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் செலுத்தினார்கள். அதுமுதல் நோயாளிகள் நெடுநாள் வாழலாயினர். நோயின் மற்றொரு முகம் அதன்பின்தான் நன்கு தெரிந்தது. மிகுந்த சர்க்கரை இரத்தக் குழாய்களின் உட்புறத்தை மெல்ல மெல்லக் கெடுக்கிறது, நரம்பும் மரத்துப்போகிறது. முள் குத்தினாலும் தெரியாது. குத்திய புண்ணுக்குப் போதிய இரத்தமும் போய்ச் சேராது.

மரத்த காலைப் பற்றி உலகுக்குக் கற்பித்ததில் வேலூருக்குப் பெரும் பங்குண்டு. அங்கே 1946-இல் பணிக்கு வந்த பால் பிராண்டு, தொழுநோயாளியின் பாதம் அழுகி விழுவதில்லை, வலி தெரியாமல் மிதிபட்டே சிதைகிறது என்று கண்டார். பின்னாளில் அமெரிக்காவில் நீரிழிவுக்காரரின் பாதத்துக்கும் அப்பாடமே உதவிற்று. சென்னை இராயபுரத்தில் மருத்துவர் எம். விசுவநாதன் 1954-இல் நீரிழிவுக்கெனவே மருத்துவமனை கண்டார்.

ஆனால் கெட்ட குழாயைப் புதிதாய் முளைக்கச் செய்ய முடியுமா? 1997-இல் அசஹாராவும் கூட்டாளிகளும், குழாய்ச் சுவராக மாறவல்ல மூல அணுக்கள் இரத்தத்திலேயே உலவுவதாக எழுதினர். 2002-இல் ஜப்பானிய மருத்துவர்கள் நோயாளியின் எலும்பு மச்சையிலிருந்து எடுத்த அணுக்களைக் கெண்டைக்கால் தசையில் செலுத்தி, இரத்த ஓட்டம் கூடியதாக அறிவித்தார்கள். நம்பிக்கை பொங்கிற்று. அதே ஆண்டில் வேறோர் ஆய்வு, நீரிழிவுக்காரரின் அந்த அணுக்களே நலிந்திருப்பதைக் காட்டியது. விதை நெல்லே பதராயிருந்தால் என்ன செய்வது?

நெதர்லாந்தில் 160 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2015-இல் வந்தது. காலை வெட்டும் நிலை அச்சிகிச்சையால் குறையவில்லை. பெங்களூரின் ஸ்டெம்ப்யூட்டிக்ஸ் நிறுவனம் வேறு வழி தேடிற்று: நலமானவர் பலர் தந்த மச்சை அணுக்களை வளர்த்துச் சேர்த்த மருந்து. புகையிலையோடு தொடர்புள்ள பர்ஜர் நோயில் கெட்ட கால்களுக்கு, அம்மருந்துக்கு 2016-இல் இந்திய அரசு வரம்புடன் இசைவளித்தது. 2020-இல் தமனி அடைப்பால் கெட்ட கால்களுக்கும் அளித்தது.

எல்லா இனிப்புநீர்ப் புண்ணுக்கும் குருத்தணு ஊசி உண்டு என்று விளம்பரம் செய்து பணம் வாங்குவோர் சொல்வது, இந்த இசைவில் எங்கும் இல்லை.