மேற்கோள் குறிக்குள் ஒரு பெயர்

நம்மில் பலருக்கு ரேஷன் கார்டில் ஒரு பெயர், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இன்னொரு பெயர். ஓர் எழுத்துதான் வித்தியாசம். பென்ஷன் வாங்கப் போகும்போதுதான் அது தெரியவரும். நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் பிரிவிலும் இதே கதைதான்.

1957-ல் ஐ.பி.எம்.மில் ஜான் பேக்கஸ் குழுவினர் ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டார்கள். அதில் மாறிகளின் பெயரை முன்கூட்டியே அறிவிக்க வேண்டியதில்லை. பிழையாக அடித்தால், அதையும் ஒரு புதுப் பெயர் என்று எடுத்துக்கொண்டு கணக்கைத் தொடரும். அடுத்து வந்த அல்கால் 60, அறிவிக்காத பெயர் செல்லாது என்றது. பிரச்சினை தீர்ந்தது என்றே நினைத்தோம்.

இணையம் வந்ததும் அது வேறு வழியாகத் திரும்பி வந்தது. 2009-ல் மைக்ரோசாஃப்ட் ஏ.எஸ்.பி. டாட் நெட் எம்.வி.சி.யை வெளியிட்டது. ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்கு இணைப்புக் கொடுக்க, அந்தப் பக்கத்தின் பெயரை மேற்கோள் குறிக்குள் எழுதுவோம். குறிக்குள் இருப்பது கம்பைலருக்கு வெறும் எழுத்துக்கள். கவரில் எழுதிய விலாசம் மாதிரி. தபால் பெட்டி எதையும் வாங்கிக்கொள்ளும், அப்படி ஒரு வீடே இல்லை என்பது தபால்காரர் தெருவுக்குப் போன பிறகுதான் தெரியும்.

ஒருமுறை நான் ஒரு பக்கத்தின் பெயரை மாற்றினேன். அதைச் சுட்டிய ஓர் இடத்தை மட்டும் மாற்ற மறந்துவிட்டேன். கம்பைலர் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றாம் தேதி, பென்ஷன் ரசீதைத் தேடியவர்களுக்கெல்லாம் 'பக்கம் இல்லை' என்று வந்தது. ஒரு பெரியவர் பஸ் ஏறி நேரிலேயே வந்துவிட்டார். "பென்ஷனை நிறுத்திட்டீங்களா தம்பி?" என்று கேட்டார். அவர் கை நடுங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதே 2009-ல் டேவிட் எபோ என்பவர் டி4எம்.வி.சி. என்ற கருவியைத் தந்திருந்தார். அது திட்டத்திலுள்ள பக்கங்களைப் படித்து, அவற்றின் பெயர்களைக் கம்பைலருக்குத் தெரிந்த பெயர்களாகவே உருவாக்கிக் கொடுக்கும். மேற்கோள் குறி வேண்டாம். இல்லாத பக்கத்தைச் சுட்டினால் நம் மேஜையிலேயே பிழை காட்டிவிடும். பெரியவர் வந்துபோன பிறகுதான் நாங்கள் அதற்கு மாறினோம். 2015-ல் சி ஷார்ப் மொழியிலேயே 'நேம்ஆஃப்' என்ற வசதி வந்தது. மாறி, பண்பு போன்றவற்றின் பெயர்களை மேற்கோள் குறி இல்லாமலே எடுக்க அது உதவியது.

சில பிழைகளுக்கு மருந்தே கிடையாது. எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்று பிரவுசர் சொல்லும் 'ரெஃபரர்' என்ற சொல், 1996-ல் வெளியான எச்.டி.டி.பி. ஆவணத்திலேயே ஓர் 'ஆர்' குறைவாக அச்சாகிவிட்டது. உலகமே அதைப் பின்பற்றிவிட்டதால் இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது, நம் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துப் பெயர் மாதிரி!