கூப்பிட்டது அரசாங்கம், குடிவைத்தது தெரு



"சிறுபான்மை மொழி நிலைப்பது அரசாங்கத்தின் ஆதரவாலா, பேசுகிறவர்களின் பிடிவாதத்தாலா?" இதுதான் தலைப்பு. எனக்குப் பிடிவாதம் என்ற பக்கத்தைக் கொடுத்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரி சொன்னாள், "ஆளைப் பார்த்துத்தான் கொடுத்திருக்காங்க" என்று. (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் கனடாவைக் கொண்டுவந்து நிறுத்தினார். நல்ல உதாரணம்தான், நான் மறுக்கவில்லை. கனடாவில் கியூபெக் மாகாணத்தில் பிரெஞ்சு பேசுகிறவர்கள் பெரும்பான்மை. அதற்கு வெளியே அவர்கள் சிறுபான்மை. 1971-ல் அங்கே நூற்றுக்கு ஆறு பேர் பிரெஞ்சுக்காரர்கள். 2021-ல் மூன்று சொச்சம். பாதியாகப் போயிற்று. அரசாங்கம் பார்த்தது. பிரெஞ்சு தெரிந்தவர்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து அந்த ஊர்களில் குடிவைப்போம் என்று 2023-ல் ஒரு ஐந்தாண்டுத் திட்டம் போட்டு, இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் 13 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. 2024-ல் கியூபெக்குக்கு வெளியே குடியேறுகிறவர்களில் நூற்றுக்கு ஆறு பேர் பிரெஞ்சு பேசுகிறவர்களாக இருக்க வேண்டும் என்று இலக்கு. ஏழுக்கு மேலேயே வந்துவிட்டார்கள். அம்மையார் இதைச் சொன்னதும் நீங்கள் கை தட்டினீர்கள். நானும் சேர்ந்து தட்டினேன்.

ஆனால் ஐயா, ஆளைக் கூட்டிவருவது ஒரு வேலை. கூட்டிவந்த ஆளின் பேரன் அந்த மொழியைப் பேசுவது வேறு வேலை. முதல் வேலையை அரசாங்கம் செய்யும். இரண்டாவதை யார் செய்வது? இதற்குப் பதில் தேட நான் கனடா போக வேண்டாம். டிக்கெட் எடுக்கக் காசும் இல்லை. இங்கேயே, இந்த மலைக்கோட்டையைச் சுற்றி நடந்தால் போதும்.

திண்டுக்கல்லுக்குப் பிரெஞ்சுக்காரர்களை ஒருவர் சம்பளம் கொடுத்துக் கூட்டிவந்தார். தெரியுமா உங்களுக்கு? 1755-ல் மைசூர் அரசின் சார்பில் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக வந்தவர் ஹைதர் அலி. எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் யாருக்கு என்ன வேலை தெரியும் என்பது தெரிந்தவர். திருச்சியிலிருந்தும் ஸ்ரீரங்கத்திலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் கைதேர்ந்த வேலைக்காரர்களை வரவழைத்தார். அவர்களுக்கு மேஸ்திரிகள் பிரெஞ்சுக்காரர்கள். பீரங்கிப் படை, ஆயுதச்சாலை, வெடிமருந்துக் கூடம் எல்லாம் இந்த ஊரில் வைத்துத்தான் அமைத்தார். பின்னால் வெள்ளைக்காரனை ஒரு கலக்குக் கலக்கிய மைசூர்ப் பீரங்கிகளுக்குப் பிள்ளையார் சுழி போட்டது நம்ம ஊர். (கைதட்டல்)

அப்படி அரசாங்கச் செலவில் பிரெஞ்சு மொழி திண்டுக்கல்லுக்கு வந்தாச்சு. இப்போது எங்கே அது? பேகம்பூரில் கேட்டுப் பாருங்கள், பஸ் ஸ்டாண்டில் கேட்டுப் பாருங்கள். ஒரு வார்த்தை கிடைக்காது. ஏன்? சம்பளத்துக்கு வந்தார்கள். வேலை முடிந்தது, போனார்கள். ஹைதரும் மைசூரைப் பிடிக்கப் போய்விட்டார். அவர்களுக்கென்று இங்கே ஒரு தெரு இல்லை. பிரெஞ்சில் சண்டை போட ஒரு மாமியார் மருமகள் இல்லை. (சிரிப்பு) சிரிக்காதீர்கள் அம்மா, உண்மையாகச் சொல்கிறேன். ஒரு மொழி ஊரில் தங்குவதற்குப் பீரங்கி போதாது, அந்த மொழியில் சண்டை போட ஆள் வேண்டும்.

அடுத்த நூற்றாண்டில், 1830-களின் கடைசியில், பிரெஞ்சுப் பாதிரிமார்கள் மதுரை மிஷனுக்கு வந்தார்கள். நம்ம மலைமேல் செண்பகனூரில் 1895-ல் கல்லூரி கட்டினார்கள். அவர்கள் தங்களுக்குள் பிரெஞ்சு பேசியிருப்பார்கள். ஆனால் அவர்கள் வந்தது தமிழ் கற்றுக்கொள்ள. அது வேறு கதை, விட்டுவிடுகிறேன்.

இப்போது தங்கிய மொழிகளைப் பார்ப்போம். நாயக்கர் காலத்தில் தெலுங்கு வந்தது. பாளையக்காரர்களுக்கு நிலம் கொடுத்தார்கள், வரி வாங்கிக்கொள்ளும் உரிமை கொடுத்தார்கள். கன்னிவாடி, விருப்பாட்சி, ஆயக்குடி என்று இந்தச் சமவெளி முழுக்கப் பாளையங்கள். 1801-ல் வெள்ளைக்காரன் தூக்கில் போட்டானே விருப்பாட்சி கோபால் நாயக்கர், அந்த வழி வந்தவர். பக்கத்தில் சின்னாளபட்டியில் இறங்கினால் கன்னடம் கேட்கும். தேவாங்க நெசவாளர்கள். வீட்டுக்குள்ளே கன்னடம், தெருவில் தமிழ், சௌடேஸ்வரி அம்மன் திருவிழாவில் இரண்டும்.

எனக்கு அதிகம் தெரிந்தது சௌராஷ்டிரம். நான் வளர்ந்தது நாகல்நகரில், அவர்கள் நடுவில்.

அவர்கள் நடந்த தூரம் சாதாரணத் தூரம் இல்லை. பூர்வீகம் குஜராத்துப் பக்கம். சோமநாதபுரத்தின்மேல் கஜினி படையெடுத்த 1025, 26-ம் ஆண்டுக்குப் பிறகு கிளம்பியவர்கள் என்பது அவர்களுடைய மரபு. தேவகிரியில் தங்கினார்கள். அது விழுந்ததும் விஜயநகரம். 1565-ல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் விழுந்ததும் இன்னும் தெற்கே. அவர்கள் பேச்சிலேயே இந்தப் பயணம் பதிந்திருக்கிறது: அடியில் குஜராத்தி, மேலே மராத்தி, அதன்மேல் தெலுங்கு, கன்னடம், கடைசியில் நம்ம தமிழ். பஸ் டிக்கெட்டில் ஊர் ஊராக ஓட்டை போடுவார்களே, அந்த மாதிரி.

மதுரையில் திருமலை நாயக்கர், 1623-லிருந்து 1659 வரை ஆண்டவர், பட்டு நெய்ய இவர்களை அழைத்து மகாலைச் சுற்றிக் குடிவைத்தார் என்பார்கள். எதிரணி இங்கே குதிக்கும். "பார்த்தீர்களா, அரசாங்க ஆதரவு!" ஆமாம், ஆதரவுதான். ராஜாவுக்குப் பட்டு வேண்டும், அவர்களுக்கு நிழல் வேண்டும். பிறகு ராணி மங்கம்மாள் ஆட்சியில், அவர்கள் தங்கள் முறைப்படி ஆவணி அவிட்டம் செய்யலாமா கூடாதா என்று வழக்கு வந்தபோது, செய்யலாம் என்று ஓலைச் சாசனம் கொடுத்தாள் அந்த அம்மாள். அதுவும் ஆதரவுதான். ஆனால் ஐயா, எந்தச் சாசனத்திலாவது "உங்கள் மொழியை மறக்காதீர்கள், மறக்காமல் இருந்தால் இவ்வளவு பொன்" என்று இருக்கிறதா? ராஜா கேட்டது சேலை. மொழி அவர்கள் சொந்த மூட்டையில் வந்தது.

இதற்கும் பழைய சாட்சி ஒன்று உண்டு. மத்தியப் பிரதேசத்தில் மந்தசோர் என்று ஊர். ஐந்தாம் நூற்றாண்டில், குமாரகுப்தன் காலத்தில், தெற்குக் குஜராத்தான லாட தேசத்துப் பட்டு நெசவாளர்கள் அங்கே குடியேறினார்கள். அந்த நாட்டு அரசன் நல்லவன் என்று கேள்விப்பட்டு வந்தார்களாம். சங்கமாகச் சேர்ந்து தங்கள் சொந்தக் காசில் சூரியனுக்குக் கோயில் கட்டிக் கல்வெட்டும் வைத்தார்கள். நல்ல அரசன் இருந்தால் நெசவாளி வருவான். வந்தபிறகு கோயிலை அவனே கட்டிக்கொள்வான்.

நான் சின்னப் பையனாக இருக்கும்போது எங்கள் பக்கத்து வீடு சௌராஷ்டிர வீடு. குழித்தறி ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு பாட்டி இருந்தார்கள். மருமகள் சமையலறையிலிருந்து ஏதோ சொல்வார், பாட்டிக்குக் காது மந்தம். "காய்?" என்பார்கள். மறுபடி சொல்வார். "காய்?" மூன்றாம் தடவையும் "காய்?" நான் ஐந்து வயதுப் பையன். அடப்பாவமே, பாட்டி இவ்வளவு நேரமாகக் காய் கேட்கிறார்கள், யாரும் கொடுக்கவில்லையே என்று எங்கள் வீட்டுக்குள் ஓடி இரண்டு கத்தரிக்காயை எடுத்து வந்து கையில் வைத்தேன். (பலத்த சிரிப்பு) அவர்கள் மொழியில் காய் என்றால் "என்ன?" என்று அர்த்தம். அன்றைக்குப் பாட்டி என்னை மடியில் வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அந்தத் தெருவில் மொழி எப்படி வாழ்ந்தது என்று கேட்டால் நான் பாவைக் காட்டுவேன். விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவு நீட்டுவார்கள். ஒரு வீட்டுக்காரர் மட்டும் செய்கிற வேலை இல்லை. அந்தக் கோடியில் ஒருவர், இந்தக் கோடியில் ஒருவர், நடுவில் கஞ்சி போட, சிக்கெடுக்க, அறுந்த இழையை முடிய ஆட்கள். "இழு, விடு, நிறுத்து" என்று சத்தம் போட வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடிய வேண்டும். அந்தச் சத்தம் முழுக்கச் சௌராஷ்டிரத்தில். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை ஐயா, பாவு ஓரத்தில் படித்தார்கள். நானே பாதி படித்தேன்.

பிடிவாதம் என்றால் இன்னும் கேளுங்கள். ராமராய் என்று ஒருவர், 1852-ல் பிறந்தவர், இந்த மொழிக்கு எழுத்து வார்த்து அரிச்சுவடி அச்சடித்தார். 1990-ல் உச்சிதா என்ற ஜப்பானியர் சௌராஷ்டிர மொழிக்கு அகராதி வெளியிட்டார். ஜப்பானில் பிறந்தவர் நம்ம தெருப் பேச்சுக்கு அகராதி போடுகிறார்! (கைதட்டல்) 2008-ல் அந்த எழுத்து யூனிகோடில் ஏறி கம்ப்யூட்டருக்குள்ளேயும் வந்துவிட்டது. 2011 கணக்கெடுப்பில் இது தாய்மொழி என்று சொன்னவர்கள் சுமார் 2 லட்சத்து 47 ஆயிரம் பேர். அதே வீட்டுப் பிள்ளைகள் தமிழுக்கும் குறை வைக்கவில்லை. டி.எம். சௌந்தரராஜன் குரலில் யாருக்காவது தமிழ் குறைவாகக் கேட்டதா? எம்.வி. வெங்கட்ராம் தமிழில் எழுதித்தானே 1993-ல் சாகித்திய அகாடமி பரிசு வாங்கினார்?

எதிரணி நண்பர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். "அப்படியானால் இப்போது ஏன் தேய்கிறது? எட்டாவது அட்டவணையில் இடம் இல்லாததால்தானே?" நியாயமான கேள்வி, மழுப்ப மாட்டேன். அட்டவணையில் 22 மொழி இருக்கிறது, சௌராஷ்டிரம் இல்லை. 1956-ல் அரசியல் சட்டத்தில் 350-ஏ பிரிவு வந்தது. சிறுபான்மை மொழிக் குழந்தைக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது. அது காகிதத்திலிருந்து நாகல்நகர் வரை நடந்து வரவில்லை. வந்திருந்தால் நல்லதுதான். அந்த அளவுக்கு நடுவர் ஐயா எதிரணிக்கு மார்க் போட்டுக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனால் தேய்ந்ததற்கு நான் பார்த்த காரணம் வேறு. தறி நின்றது. பாவு நீட்டிய தெருவில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. பிள்ளை சென்னைக்கு வேலைக்குப் போனான். அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரன் யாரென்றே தெரியாது, அவனோடு எந்த மொழியில் பேசுவது? கனடாவிலும் இதே கவலைதான். அதனால்தான் அவர்களும் வெறும் விசாவோடு விடாமல், முதலில் 14 ஊர்களைத் தேர்ந்தெடுத்து, வருகிறவர்களை வரவேற்றுப் பழக வைக்க அந்த ஊர் மக்கள் கையிலேயே பணம் கொடுத்தார்கள். அரசாங்கமே கடைசியில் தெருவைத் தேடித்தான் போகிறது!

இன்னொன்று. அந்த நாட்டில் பிரெஞ்சு வேர்பிடிக்க அரசாங்கமும் செலவு செய்தது. 1663-லிருந்து 1673 வரை பிரெஞ்சு ராஜா பதினான்காம் லூயி ஏறக்குறைய 800 பெண்களைக் கப்பல் செலவு கொடுத்து, சீரும் கொடுத்து அனுப்பினார், அங்கே இருந்த ஆண்களுக்குக் கல்யாணம் செய்து வைக்க. கியூபெக்கில் ஏராளமான குடும்பங்கள் தங்களுக்கு அந்தப் பெண்களில் ஒருத்தியைப் பாட்டியாகச் சொல்லும். ஹைதருக்கு இது தோன்றவில்லை, அவர் பீரங்கியோடு நிறுத்திக்கொண்டார். (சிரிப்பு) அதே 1755-ல், ஹைதர் இங்கே பிரெஞ்சுக்காரர்களுக்கு வேலை கொடுத்த அந்தக் காலத்தில், கனடாவின் கிழக்குக் கரையில் அக்கேடியர் என்ற பிரெஞ்சு பேசும் குடியானவர்களை ஆங்கிலேயர்கள் வீட்டைக் கொளுத்திக் கப்பலில் ஏற்றித் துரத்தினார்கள். ஆதரவு இல்லை, அடிதான் கிடைத்தது. சிலர் காடு வழியாகத் திரும்பி வந்தார்கள். நியூ பிரன்சுவிக் மாகாணத்தில் இன்றைக்கும் மூன்றில் ஒருவர் பிரெஞ்சு பேசுகிறார்.

மணி அடித்துவிட்டார்கள். ஒரு நிமிஷம் கொடுங்கள் ஐயா.

அந்தப் பாட்டி கடைசி நாட்களில் பக்கவாதத்தில் படுத்தார்கள். தமிழ் முழுக்கப் போய்விட்டது. தாய்மொழி மட்டும் மிச்சம். சென்னையிலிருந்து பேத்தி வந்தாள், கல்லூரியில் படிக்கிற பெண். பாட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அவளுக்குப் புரியவில்லை. அப்பா மருந்து வாங்கப் போயிருந்தார். அழுதுகொண்டே வாசலுக்கு வந்து என்னைக் கேட்டாள், "மாமா, பாட்டி என்ன சொல்றாங்க?"

நான் உள்ளே போய்க் கேட்டேன். அந்த வார்த்தை எனக்குத் தெரியும். ஐந்து வயதிலிருந்து அந்த வீட்டு வாசலைத் தாண்டும்போதெல்லாம் என்னைக் கேட்ட வார்த்தை. சாப்பிட்டியா என்று கேட்கிறார்கள் ஐயா.

"சாப்பிட்டேன்னு எப்படி மாமா சொல்லணும்?" என்றாள். நான் சொல்லிக்கொடுத்தேன். இந்த மேடையில் அதைச் சொல்லி, சபையில் இருக்கிற சௌராஷ்டிரப் பெரியவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள மாட்டேன், என் உச்சரிப்பு அப்படி. அவளும் அதே தப்போடு சொன்னாள். பாட்டிக்கு வாயின் ஒரு பக்கம்தான் அசையும். அந்த ஒரு பக்கத்தால் சிரித்துவிட்டு "காய்?" என்றார்கள். அவள் மறுபடி சொன்னாள்.

(நீண்ட கைதட்டல்)