2030-ல் நாகரிகம் இருளில் மூழ்குமா? 'ஓல்டுவாய் கோட்பாடு' சொல்வது என்ன?

தொழில் நாகரிகத்தின் ஆயுள் மொத்தமே சுமார் 100 வருஷம்தான். 1930-ல் தொடங்கியது 2030 வாக்கில் முடிந்துவிடும். அமெரிக்கப் பொறியாளர் ரிச்சர்ட் டங்கனின் 'ஓல்டுவாய் கோட்பாடு' சுருக்கமாக இதுதான். அவர் குறித்த ஆண்டு நெருங்கிவிட்டது. கணக்கைச் சரிபார்த்துவிடலாம்.

அதென்ன ஓல்டுவாய்?

தான்சானியாவில் ஆதிமனிதர்களின் கல் கருவிகள் கிடைத்த பள்ளத்தாக்கு. எரிபொருள் குறையக் குறைய மனிதகுலம் அந்தக் கற்காலத்துக்கே திரும்பும் என்பது டங்கனின் கருத்து.

எப்படிக் கணக்கிட்டார்?

உலகின் மொத்த எரிசக்தி உற்பத்தியை மக்கள்தொகையால் வகுத்தார், அவ்வளவுதான். தலைக்கு இவ்வளவு என்ற அந்த எண் 1979-லேயே உச்சம் தொட்டுவிட்டது, இனி இறங்குமுகம்தான் என்றார். 2000-ல் ரீனோ நகரில் நடந்த புவியியல் மாநாட்டில் அவர் வைத்த கணிப்பு இன்னும் திகிலானது: 2012 வாக்கில் நிரந்தர மின்வெட்டுகள் ஆரம்பிக்கும்.

2012-ல் என்ன நடந்தது?

தற்செயலாக, உலகின் மிகப்பெரிய மின்தடை அந்த வருஷம்தான் நடந்தது, அதுவும் இந்தியாவில். ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்திய மின்தொகுப்பு அடுத்தடுத்து சரிந்தது. இரண்டாம் நாள் கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகளும் சேர்ந்து விழ, 60 கோடிக்கும் அதிகமானோர் வாழும் பகுதிகள் பாதிக்கப்பட்டன. தென்னிந்தியா தப்பித்தது. காரணம், நம்முடைய தொகுப்பு அப்போது மற்றவற்றோடு ஒரே அலைவரிசையில் இணைக்கப்படவில்லை. அது நடந்தது 2013 டிசம்பர் கடைசி நாளில். (அந்த வருஷம் தமிழ்நாட்டில் தினசரி கரண்ட் கட் இருந்ததே என்றால், அது உற்பத்திப் பற்றாக்குறையால் வந்த தனிக்கதை.)

ஆனால் வடக்கில் எரிபொருள் தீர்ந்து கம்பிகள் அணையவில்லை. கொண்டுசெல்லும் கம்பிகள் மீது அளவுக்கு மீறிய சுமை ஏறியதுதான் பிரச்சனை. மின்சாரமும் சீக்கிரமே திரும்பி வந்தது.

எங்கே தவறினார்?

1979-க்குப் பிறகு அந்தக் கோடு விழவில்லை, ஏறக்குறைய சமதளமாக ஓடியது. எண்ணெய் விலை எகிறியதால் சிக்கனமான கார்களும் இயந்திரங்களும் வந்தன. 1991-ல் சோவியத் ஒன்றியம் உடைந்ததும் அங்கே தொழிற்சாலைகள் படுத்தன. இதையெல்லாம் 'வளம் தீர்கிறது' என்று டங்கன் படித்துக்கொண்டார். 2000-க்குப் பிறகு சீனா நிலக்கரியை எரித்துத் தள்ள, கோடு மறுபடி மேலே ஏறிவிட்டது.

அப்படின்னா பயப்பட ஒன்றுமில்லையா?

அப்படியும் இல்லை. உலக எரிசக்தியில் சுமார் 80 சதவீதம் இன்றும் நிலக்கரி, எண்ணெய், எரிவாயுதான். எரிபொருள் தீர்ந்துவிடுமோ என்று டங்கன் பயந்தார். இருப்பதையெல்லாம் எரித்துவிடுவோமோ என்பதுதான் இப்போது விஞ்ஞானிகளின் கவலை. இரண்டு பயமும் எதிரெதிர் திசையில் நிற்கின்றன.

சராசரி என்ற எண் மறைப்பதும் நிறைய. ஓர் இந்தியருக்கு வருஷத்துக்குச் சுமார் 1,400 யூனிட் மின்சாரம். ஓர் அமெரிக்கருக்கு 12,000-க்கும் மேல். எங்கே இறங்க வேண்டும், எங்கே இன்னும் ஏறியாக வேண்டும் என்பதை டங்கனின் ஒற்றைக் கோடு காட்டாது.